வெரி குட் கேர்ள், வெரி குட் ஃபேமிலி

பிப்ரவரி 9, 2009, திங்கள்

இந்த வருஷம் என் வீட்டுக்காரர் கம்பெனியில் டைரி கொடுக்கவில்லை. காலண்டரும் இல்லை. லாரி விற்கவில்லையாம், ஆர்டர் இல்லையாம், வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அதனால் போன வருஷ டைரியில் மிச்சம் கிடந்த பக்கங்களில் வருஷத்தையும் கிழமையையும் அடித்துத் திருத்தி எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவளுக்குப் புது டைரி என்ன, பழைய டைரி என்ன. கோணல் எழுத்து எதில் எழுதினாலும் கோணல்தான்.

ரப்பர் மூட்டையும் இன்றைக்குப் பாதிதான் வந்தது. வண்டிகளுக்குப் போடுகிற ரப்பர் வாஷர்களை ஓசூர் சிப்காட்டிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் பிளேடால் வெட்டிக் கொடுக்க வேண்டும். நான், வீட்டு ஓனர் சரோஜம்மாள், பக்கத்து போர்ஷன் ராஜாத்தி மூன்று பேரும் காம்பவுண்டுக்குள் வட்டமாக உட்கார்ந்து வெட்டுவோம். கை ஒரு பங்கு வேலை செய்தால் என் வாய் மூன்று பங்கு செய்யும்.

மூட்டை கொண்டுவரும் சூப்பர்வைசருக்கு 'குக்கர்' என்று பேர் வைத்தது நான்தான். உஸ், உஸ் என்று மூச்சு விட்டு முடித்த பிறகுதான் அந்த ஆளுக்குப் பேச்சு வரும். இன்றைக்கு அவர் வந்து நின்றதும் ராஜாத்தி என் காதில், "அக்கா, விசில் வந்துருச்சு, எறக்கிரலாமா?" என்றாள். சரோஜம்மாள் சிரித்த சிரிப்பில் பிளேடைக் கீழே போட்டுவிட்டது.

என் மகள் பிரியா மட்டும் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பர்கூர் காலேஜில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்தவள், போன வருஷத்திலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு பிள்ளை. அவளையும் சிரிக்க வைக்க முடியவில்லை என்றால் எனக்கு என்ன வாய்.

பிப்ரவரி 12, வியாழன்

கூப்பிட்டுவிட்டார்கள்!

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனி. போன வருஷம் காலேஜுக்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, 'பிறகு சொல்கிறோம்' என்று போனவர்கள். இப்போது இரண்டாவது இன்டர்வியூவுக்கு 27-ஆம் தேதி வரச்சொல்லி போன். பிரியா போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் "எஸ் சார், எஸ் சார்" என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

அவர் ஜாங்கிரி வாங்கி வந்தார். "இந்த வேலை கெடைச்சா நான் காலை நீட்டிப் படுத்துக்குவேன்" என்றார். "இப்ப மட்டும் என்ன, கம்பெனியே உங்களைப் படுக்கத்தானே சொல்லுது" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. முகம் சுருங்கிவிட்டது. கான்ட்ராக்ட் ஆட்களை எல்லாம் நிறுத்தியாகிவிட்டது, அடுத்து பெர்மனென்ட் ஆட்களில்தான் கைவைப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அருப்புக்கோட்டையை விட்டு வந்து இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

சௌமியா போன் பண்ணினாள். பிரியாவோடு ஹாஸ்டலில் இருந்தவள். லீவு விட்டால் ஊருக்குப் போகிறாளோ இல்லையோ, எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவாள். என்ன சொன்னாளோ, பிரியா போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நோண்டி நோண்டிக் கேட்டதில் எனக்குப் புரிந்தது இது.

கம்ப்யூட்டரில் ஆர்குட் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆளுக்கொரு பக்கம். போட்டோ ஒட்டலாம். ஒருத்தர் பக்கத்தில் இன்னொருத்தர் வந்து எழுதிவிட்டுப் போகலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கதவே வைக்காத வீடு மாதிரி.

அஸ்வின் என்று இவர்களுக்கு ஒரு வருஷம் மூத்த பையன். பெங்களூரில் இன்டர்வியூ எல்லாம் நல்லபடியாக முடிந்து, கடைசியில் அவனுடைய ஆர்குட் பக்கத்தை அச்செடுத்து மேசையில் போட்டார்களாம். வேலை பார்த்த இடத்து மேனேஜரைத் திட்டி எழுதி வைத்திருக்கிறான். "நாளைக்கு எங்களையும் இப்படித்தான் எழுதுவீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"நீ யாரையும் திட்டலையேடி?" என்றேன்.

"நான் திட்டலம்மா." அவள் என்னைப் பார்த்தாள். "நீதான்."

"நானா? எனக்கு அதைத் திறக்கவே தெரியாதே!"

நான் பிசிறு வெட்டும்போது பேசுகிற பேச்சை எல்லாம் இந்தச் சௌமியா எழுதி வைத்து, அதற்கென்று ஆர்குட்டில் ஒரு மன்றம் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறதாம். பேர், 'பொற்கொடி ஆன்ட்டி ரசிகர் மன்றம்'. இருநூறு பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள்.

முதலில் எனக்கு ஒரே குளுகுளு என்று இருந்தது. எனக்கு ரசிகர் மன்றம்! கட்-அவுட் வைத்தார்களா, பாலாபிஷேகம் உண்டா என்று கேட்டேன். பிரியா சிரிக்கவில்லை. "அதுல அந்தக் கம்பெனிக்காரரைப் பத்தி நீ சொன்னதும் இருக்கும்மா" என்றாள்.

ஐயோ.

பிப்ரவரி 14, சனி

பாகலூர் ரோட்டில் திம்மப்பனின் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கரண்ட் போய் வர வெகு நேரம் ஆயிற்று.

மேலே என் போட்டோ, பக்கத்திலேயே பிரியா அம்மா என்று. கையில் பிளேடு, மடியில் ரப்பர், வாய் முழுக்கச் சிரிப்பு. எப்போது எடுத்தாள் திருடி? கீழே நான் சொன்னது எல்லாம் வரிசையாக. குக்கர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் நாளைக்கு வா என்கிற அவர்கள் காலேஜ் வேலைவாய்ப்பு சாருக்கு நான் வைத்த 'நாளைக்கு நாராயணன்' இருக்கிறது.

அப்புறம் அது. கம்பெனி பேரோடு, ஆள் பேரோடு. "பிள்ளைகள் எதைச் சொன்னாலும் ஆமா ஆமா என்று தலையாட்டினாராம். ஆட்டிவிட்டு ஒருத்தரையும் எடுக்காமல் போய்விட்டாராம். அவர் ஆபீசர் இல்லை, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. கொலு முடிந்ததும் பெட்டியில் போட்டு மூடியிருப்பார்கள்." அதற்குக் கீழே எத்தனை பிள்ளைகள் சிரித்து எழுதியிருக்கிறார்கள்!

அந்தத் தலையாட்டிதான் 27-ஆம் தேதி மறுபடியும் இன்டர்வியூ செய்யப் போகிறவர்.

அடுப்படியில் பேசினது, கோலம் போடும்போது பேசினது - இருநூறு பேருக்குக் கேட்டிருக்கிறது. எனக்குத்தான் தெரியாது. மன்றத்தை அழிக்கச் சௌமியாவால்தான் முடியுமாம். அவளோ கல்லாவிக்கு, மாமா ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறாள். அங்கே இன்டர்நெட் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

சௌமியா போனை எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் கேட்கவில்லையா, இல்லை பயந்துகொண்டு எடுக்கவில்லையா? இந்த நேரம் அந்தத் தலையாட்டி படித்துக்கொண்டிருந்தால்?

மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

சௌமியா ஊத்தங்கரைக்குப் பஸ் ஏறிப் போய் மன்றத்தை அழித்துவிட்டாள். "சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி" என்று போனில் அழுகிறாள். "அழாதடி, கோயில் கட்டி இடிக்கிறது ரசிகர்களுக்குப் புதுசா?" என்றேன்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதையும் எங்காவது எழுதிவிடப் போகிறாள்.

இன்றைக்குக் குக்கர் வந்தார். விசில் விட்டார். மூன்று பேரும் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தோம்.

பிப்ரவரி 18, புதன்

ராஜாத்தி தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் தெருவில் விசாரிப்பார்களே, அதற்காக அவள் அப்பா டீக்கடையிலும் அயர்ன் கடையிலும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டாராம். "நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னா போதும்க்கா, பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. இவர்களும் விசாரிக்கத்தானே வருகிறார்கள்! தெருவுக்குப் பதில் ஆர்குட். அழித்தால் மட்டும் போதுமா? விசாரிக்க வருகிறவனுக்கு யாராவது நல்லது சொல்ல வேண்டாமா?

பிரியாவிடம் சொன்னேன். "அம்மா, இது கல்யாணம் இல்ல" என்றாள்.

"வேற என்னடி? அங்கயும் போட்டோ கேக்குறான். குடும்பத்தைக் கேக்குறான். சொஜ்ஜி பஜ்ஜி மட்டும்தான் இல்ல. கடைசில, ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்னு எந்திரிச்சுப் போறான்."

பிறகு, "டெஸ்டிமோனியல்னு ஒன்னு இருக்கு. நம்மளைப் பத்தி மத்தவங்க எழுதுறது" என்றாள். அவளுக்கும் பயம். பயந்தவளுக்கு எதைச் சொன்னாலும் சரியென்றுதான் படும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதி வைக்காவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

எல்லோரும் திம்மப்பன் கடைக்குப் போனோம். சரோஜம்மாள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து வந்துவிட்டது. "ஏனம்மா, கம்ப்யூட்டர் போட்டோ புடிக்கும் அந்தீயா?" என்றது, என்கிறாயா என்று. கன்னடம் பேசுகிற வாய், அவசரத்தில் பாதி அதிலேதான் வரும். ராஜாத்தி போட்டோவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தாமரைப்பூப் படம் போடச் சொன்னாள். என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துத் தண்ணீரில் முங்கினவர் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். படத்தில் பார்த்தால் ரேஷன் கார்டே தேவலை.

ஒவ்வொருத்தருக்கும் புதிதாகக் கணக்குத் திறந்தான் திம்மப்பன். "பெரிய கம்பெனி பாக்குறதுக்கா. இங்கிலீஷ்லதான் போடணும். என்ன போட?"

"பொண்ணு தங்கம். வாசல்ல நிக்காது. குனிஞ்ச தலை நிமிராது" என்றேன்.

"வேலைக்கு எடுக்குறவன் குனிஞ்ச தலையை வச்சு என்னம்மா பண்ணுவான்?" என்றாள் பிரியா.

திம்மப்பன் தலையைச் சொறிந்து ஒன்று தட்டினான். வாசித்தும் காட்டினான். "வெரி குட் கேர்ள். வெரி குட் ஃபேமிலி. நோ பேட் ஹேபிட்ஸ்."

சரோஜம்மாள் கை தட்டியது. அடுத்து ராஜாத்திக்கு என்ன எழுதுவது என்று கேட்டால், அவன் கையைக் கூப்பிவிட்டான். "அக்கா, நான் ஏழாங்கிளாஸ். என்கிட்ட இருந்த இங்கிலீஷ் அவ்ளோதான். இதையே எல்லாருக்கும் ஒட்டிடுறேன்."

ஒட்டினான். இவர் பேரிலும் அதுதான். பெற்ற அப்பனே வந்து வெரி குட் ஃபேமிலி என்கிறார்! வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிரியாவும் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பிரியா பக்கத்தை யார் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்று ஆர்குட்டே பேர் காட்டுமாம். தினமும் போய்ப் பார்க்கிறாள். இன்றைக்கு ஒருத்தர் வந்திருக்கிறார். போட்டோ இல்லை. பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

புள்ளி யார்? தலையாட்டியா? அவருடைய ஆளா? இல்லை வேலையில்லாத எவனாவது ஒருத்தனா?

நல்லவேளை, வருவதற்கு முன்னால் எழுதிவிட்டோம்.

பிப்ரவரி 27, வெள்ளி

இவர் கூடப் போய் வந்தார். அத்திப்பள்ளி தாண்டினதிலிருந்து பிரியா சர்டிபிகேட்டை எடுத்து எடுத்துப் பார்த்தாளாம்.

திரும்பி வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "தலையாட்டி இருந்தாரா?"

"இருந்தாரும்மா." தண்ணீர் குடித்தாள். "இந்தத் தடவை தலையே ஆட்டலை."

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "உங்களைப் பத்தி எல்லாரும் ரொம்ப நல்லா சொல்றாங்களே" என்று சிரித்தாராம்.

"பாத்தியா!" என்று குதித்தேன். "நான் சொன்னேன்ல!" ஓடிப்போய்ச் சரோஜம்மாளிடமும் சொல்லிவிட்டு வந்தேன். பிரியா மட்டும், "எப்படிச் சிரிச்சாருன்னு எனக்குச் சரியாத் தெரியலம்மா" என்றாள். சிரிப்பில் என்னடி தெரிய, சிரிப்பு சிரிப்புதான் என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

ஒன்றும் வரவில்லை.

மார்ச் 11, புதன்

தலையே ஆட்டலை என்றாளே. ஏன் ஆட்டவில்லை? ஆட்டுகிற மனுஷன் திடீரென்று ஏன் நிறுத்துவான்? யாராவது போய்ச் சொல்லியிருந்தால்தானே.

அழிப்பதற்கு முன்னாலேயே படித்திருப்பாரோ.

மார்ச் 17, செவ்வாய்

பிரியா காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை மெயில் பார்க்கத் திம்மப்பன் கடைக்குப் போய்வருகிறாள். அவள் நடந்து வருகிற நடையிலேயே தெரிந்துவிடுகிறது. நான் கேட்பதில்லை.

மார்ச் 23, திங்கள்

வந்தது. இங்கிலீஷில் நாலு வரி. இந்தச் சமயத்தில் எடுக்க முடியவில்லை, உங்கள் எதிர்காலம் நன்றாக அமைய வாழ்த்துகள்.

ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. வாழ்த்தை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண?

மார்ச் 24, செவ்வாய்

என் வாய்தான். வேறென்ன. தலையாட்டிப் பொம்மை, கொலு, பெட்டி... ஒரு மனுஷன் அவன் வேலையைப் பார்த்துட்டுப் போனான், அவனை நான் ஏன் பேசணும்? பெத்த பிள்ளை சோத்துல என் வாயாலயே மண்ணைப் போட்டுட்டேனே.

பிரியா எதுவும் கேட்கவில்லை. "அப்படியெல்லாம் இல்லம்மா, ஆள் எடுக்கிறதையே நிறுத்திட்டாங்க போல" என்கிறாள். எனக்காகச் சொல்கிறாள்.

ஏப்ரல் 9, வியாழன்

இவர் இன்றைக்குக் கை கழுவிக்கொண்டே, "ஏய், ஏதாச்சும் பேசேன். யாரு வீட்டுலயோ சாப்புடுற மாதிரி இருக்கு" என்றார்.

"குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்றேன்.

"இதுவா பேச்சு?" என்று எழுந்து போய்விட்டார்.

மே 20, புதன்

இவர் கம்பெனியில் நாலு நாள் வேலையாக்கியிருக்கிறார்கள். மூட்டையும் கொஞ்சம் கனமாகத்தான் வருகிறது. ராஜாத்தி என்னென்னவோ கிண்டிப் பார்க்கிறாள். நான் பிசிறை மட்டும் வெட்டுகிறேன்.

ஜூன் 15, திங்கள்

பிரியா வேலைக்குப் போய்விட்டாள். இங்கேயே ஓசூரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. சின்ன ஆபீஸ். படித்த படிப்புக்கு உண்டான வேலை இல்லை. ஆனால் வேலை.

என்ன வேலை என்று கேட்டேன். கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும்போது, அந்த ஆள் சொன்னதெல்லாம் நிஜமா என்று விசாரித்துக் கொடுப்பதாம். சர்டிபிகேட் பார்ப்பது, பழைய கம்பெனிக்குப் போன் பண்ணுவது. அப்புறம் தயங்கினாள்.

"ஆர்குட்டும் பாப்போம்மா."

எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

ஜூன் 20, சனி

ஒரு வாரம் ஆயிற்று. இன்றைக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தலைவலி என்றாள். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் வராதா.

ஜூலை 19, ஞாயிறு

அவளுடைய சார் ஒருத்தர் இருக்கிறார். பத்து வார்த்தை பேசுவதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டுவாராம். அவள் செய்து காட்டினாள். அவளுக்கும் என் வாய்தான். நல்லவேளை எதையும் எழுதி வைப்பதில்லை.

ஆபீஸிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களின் பேர் அடுத்தவர்களுக்குத் தெரியாதாம். தெரியாமல் பார்க்க அதிலேயே வழி இருக்கிறது.

"அப்ப அந்தப் புள்ளி?" என்றேன்.

"அது யாரோ வெட்டிப்பயலா இருக்கும்மா" என்றாள்.

அந்தப் புள்ளிக்காக எத்தனை நாள் நான் தூங்காமல் கிடந்தேன்!

ஆகஸ்ட் 23, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்தி. சரோஜம்மாள் கடுபு செய்து கொண்டுவந்தது. நாம் கொழுக்கட்டை என்கிறதை அவர்கள் கடுபு என்பார்கள். வெல்லம் மட்டும் அவர்கள் கை அதிகம். கூடவே மணியும் வந்தான், அதனுடைய பையன். டிப்ளமா முடித்தவன். சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்வியூ வரைக்கும் வந்துவிட்டதாம்.

"பொற்கொடி, அன்னைக்கி உன் பொண்ணுக்கு நாங்க வந்து எழுதினோம். இப்போ என் மகனுக்கு நீங்க எழுதணும்" என்றது.

எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துவிட்டது. கல்யாணத்தில் வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்கிற மாதிரி. அதுவும் இவனுக்கென்று கேலி பேசி எழுதின மன்றம் ஒன்றும் கிடையாது, நல்ல வார்த்தை மட்டும்தான் போகப் போகிறது. "கெளம்புங்க திம்மப்பன் கடைக்கு! இந்தத் தடவை 'குட் பாய்'னு மாத்தினா போதும், மிச்சம் எல்லாம் அவன்கிட்ட ரெடியா இருக்கு" என்று எழுந்துவிட்டேன்.

"வேண்டாம்மா" என்றாள் பிரியா.

"ஏன்டி?"

"இன்னைக்கு லீவு. கடை இருக்காது."

"திம்மப்பன் கடை தீபாவளிக்கே இருக்கும்."

"வேண்டாம்னா விடேன்!"

சரோஜம்மாள் என்னையும் அவளையும் பார்த்துவிட்டு, மணியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்படிக்குள் அவளைப் பிடித்தேன். "பட்டுச்சேலை கட்டிட்டு வந்து உனக்கு எழுதுனவங்கடி அவங்க. வேலைக்குப் போனதும் மறந்து போச்சா?"

பிரியா கடுபு இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுனவங்க எல்லாம் புது அக்கவுண்ட்டு. ஃப்ரெண்டுன்னு ஒரே ஒரு ஆளு. எல்லாரும் ஒரே வாசகம். இப்படி இருந்தா சிவப்புப் போடணும்மா. சேர்ந்த மொத வாரமே சொல்லிக் குடுத்தாங்க."

"சிவப்புன்னா?"

"ஜோடிச்சதுன்னு அர்த்தம். ஆளை நம்ப முடியாதுன்னு."

குக்கர் அடுப்பில் இருந்தது. நிஜக் குக்கர். விசில் வந்தது, இரண்டு பேரும் அணைக்கவில்லை.

தலையாட்டி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. எப்படிச் சிரிச்சாருன்னு சரியாத் தெரியலம்மா என்று அன்றைக்கே சொன்னாளே. நான் குதித்தேனே. சரோஜம்மாளிடம் ஓடினேனே.

"அப்ப அந்த வேலை போனது என் பேச்சுனால இல்லையா? எழுத வச்சதுனாலயா?"

"தெரியாதும்மா. எதுக்கு வேண்டாம்னாங்கன்னு அவங்க சொல்ல மாட்டாங்க. நாங்களும் யாருக்கும் சொல்றதில்ல."

"ரசிகர் மன்றம் மாதிரி ஒன்னு இருந்தா? அதுக்கு என்ன போடுவீங்க?"

"ஆள் பேரைச் சொல்லித் திட்டியிருந்தா போடுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொம்மைன்னெல்லாம் சொல்லியிருந்தா... படிச்சுட்டுச் சிரிச்சுட்டு விட்ருவோம்மா."

ஜூன் மாதம் தலைவலி என்று படுத்தாளே, அது இதுதான். இரண்டு மாதம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நானோ இரண்டு மாதமும், வாயைத் திறந்தால் அவளுக்கு ஆகாதென்று வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஆகஸ்ட் 24, திங்கள்

சரோஜம்மாளிடம் என்னவென்று சொல்வது? பிரியா ஆபீஸ் சமாச்சாரத்தை வெளியில் சொன்னால் அவள் வேலைக்கு வம்பு. "தெரிஞ்சவங்க எழுதுனா இப்பல்லாம் ஒத்துக்கறதில்லையாம்" என்றேன்.

"ஹௌதா? அப்படியா? உன் பொண்ணுக்கு எழுதினப்போ மட்டும் ஒத்துக்கிட்டாங்களா?" என்றது.

ஒத்துக்கொள்ளவில்லை சரோஜம்மா. அதைத்தான் உன்னிடம் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 27, வியாழன்

சரோஜம்மாள் பிசிறு வெட்ட வரவில்லை. அதனுடைய பங்கு ரப்பரை வீட்டுக்குள் எடுத்துப்போய்த் தனியாக வெட்டுகிறது.

செப்டம்பர் 4, வெள்ளி

மணி இன்டர்வியூ இன்று. பிள்ளையாரே, அவனை யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். பார்த்தாலும் சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 11, வெள்ளி

மணிக்கு வேலை கிடைத்துவிட்டது! சரோஜம்மாள் மைசூர்பாகோடு வந்தது. "பாத்தியா பொற்கொடி, நீ எழுதாமலேயே கெடைச்சிருச்சு" என்றது. குத்தலாகத்தான் சொன்னது. சொல்லட்டும். இரண்டு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். "அடுத்த தடவை பட்டுச்சேலை கட்டி வாங்க சரோஜம்மா, உங்களைப் பத்தியே எழுதுவோம்" என்றேன். ஒரு நிமிஷம் முறைத்தது. அப்புறம் சிரித்துவிட்டது.

மூட்டை முழுசாக வந்திருக்கிறது. குக்கருக்கு இன்றைக்கு விசில் அதிகம்.

செப்டம்பர் 13, ஞாயிறு

மத்தியானம் நல்ல மழை. இவர் உள்ளே தூங்குகிறார். பிரியாவும் நானும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் போன் வந்தது. ஆபீஸ் சார். ஞாயிற்றுக்கிழமைகூட விட மாட்டேன் என்கிறார். எஸ் சார், எஸ் சார் என்று பேசிவிட்டு வைத்தாள்.

எனக்கு நாக்கு அரித்தது. எத்தனை மாதம் ஆயிற்று.

"மழைக்கு உங்க சார் ரொம்ப வசதிதான். வைப்பர் தானாவே ஓடும்" என்றேன், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி செய்து காட்டி.

பிரியாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. போன் அணைந்துவிட்டதா என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.

வாசலில் யாரும் இல்லை. நானும் பார்த்தேன்.